நம்ம ஊட்டுப் புள்ள டாட் காம்

பெயர் என்பது சாமானியமான விஷயம் அல்ல. நாடுகள் பெயரால் நிமிர்ந்து நிற்கின்றன. வம்சங்கள் பெயரால் தழைக்கின்றன. ஆனால் ஒரே ஒரு பெயருக்காக நான்கு மாதம், பதினோரு கூட்டம், சாமியிடம் ஒரு பூவாக்கு, கணக்கில் அடங்காத மிக்சர் பொட்டலங்கள் என்று அனைத்தையும் அர்ப்பணித்த ஸ்தாபனம் இந்தப் பூமியில் ஒன்றுதான் உண்டு. அது கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் இருக்கும் வெள்ளிதுரை பம்ப்ஸ். தண்ணீர் இறைக்கும் மோட்டார் செய்கிறவர்கள்.

வெள்ளி என்பது வெள்ளியங்கிரி. துரை என்பது தம்பிதுரை. வெள்ளியங்கிரி கட்டியிருப்பது தம்பிதுரையின் அக்காவை. 1978-இல் கம்பெனி ஆரம்பித்தபோது ஆளுக்குப் பாதிப் பெயர் கொடுத்தார்கள்; அன்றிலிருந்து எல்லாமே பாதிப் பாதிதான். இருவருக்கும் ஒரே அளவில் இரண்டு அறை. வெள்ளியங்கிரியின் மேஜைக்குக் காலையில் புதுக் கண்ணாடி போட்டால், சாயங்காலத்துக்குள் தம்பிதுரையின் மேஜைக்கும் போட்டாக வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையை வார்த்தையில் சொல்லி முடியாது. யார் முதலில் கதவைத் தாண்டுவது என்று "நீங்க போங்க மாமா", "இல்ல மாப்ள, நீங்க போங்க" என்று சொல்லிச் சொல்லி, ஒருமுறை இருவருமே பேங்குக்குப் போகாமல் திரும்பியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு அறைக்கும் நடுவில், கம்ப்யூட்டருக்கு முன்னால் பிரவீனா உட்கார்ந்திருந்தாள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, 1994-இல் இங்கே வந்தவள். ஆப்பிரிக்காவுக்குக் கடிதம் அடிப்பது, போன் எடுப்பது, பில் போடுவது, இரண்டு முதலாளிகளுக்கும் ஒரே சமயத்தில் டீ வைப்பது, எல்லாம் அவள்தான். அவளுடைய பதவி என்ன என்று யாராவது கேட்டால் வெள்ளியங்கிரி நெகிழ்ந்துபோவார்.

"அட, பதவி என்னுங்க பதவி! நம்ம ஊட்டுப் புள்ளைங்க அது."

கேட்பவர் கண்ணிலும் நீர் கட்டும். பிரவீனாவுக்கு மட்டும் கட்டாது. ஏனென்றால் மேனேஜர் ராசப்பனின் பீரோவில் ஒரு பதிவேடு இருந்தது. வேலை செய்கிறவர்களின் பெயர் எழுதும் பதிவேடு. அதில் மொத்தம் பத்தொன்பது பெயர்கள்; அவள் பெயர் இல்லை. பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பெண்களிலிருந்து லாரியில் சரக்கு ஏற்றுகிறவர்கள் வரை மீதி இருந்த எல்லாருமே 'நம்ம ஊட்டுப் புள்ளைகள்'.

"பத்தொம்பது நமக்கு ராசிங்க" என்பார் தம்பிதுரை. "ஒண்ணும் ஒம்பதும் கூட்டினா பத்து. பத்துன்னா ஒண்ணு. ஒண்ணுன்னா சூரியன்."

சூரியனோடு கூட இன்னொரு காரணமும் இருந்தது. இருபது பேர் வேலை செய்கிற இடத்துக்கு பி.எஃப். சட்டம் வந்துவிடும். அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. சூரியனைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பிரவீனா தன் ஆயுளில் ஒரே ஒருமுறை வாயைத் திறந்து கேட்டாள். கதவோரம் நின்று, துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு, "ஐயா, என்ற பேரை ரிஜிஸ்டர்ல எழுதுவீங்களா?" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை அவள் மூன்று வாரமாக பஸ்ஸில் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"எழுதிப்போடலாம் கண்ணு" என்றார் வெள்ளியங்கிரி, தலையைத் தடவாத குறையாக. "மொதல்ல இந்த வெப்சைட் ஆவட்டும்."

இப்படியாக ஓர் அப்பாவியின் கோரிக்கை, உலகளாவிய கம்ப்யூட்டர் வலைப்பின்னலோடு இணைக்கப்பட்டது.

வெப்சைட் வேண்டும் என்ற ஞானம் அவர்களுக்கு 1997 சித்திரையில் வந்தது. ஈரோட்டில் துண்டு வியாபாரம் செய்யும் ஒரு சொந்தக்காரர் தன் விசிட்டிங் கார்டில் 'டாட் காம்' என்று அடித்து வைத்திருந்தார். அதைப் பார்த்த இரவு இரண்டு முதலாளிகளும் தூங்கவில்லை. மறுநாளே யூனுஸ் வரவழைக்கப்பட்டார். உக்கடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். அந்தப் பக்கத்தில் இன்டர்நெட் கனெக்ஷன் உள்ளவர்.

"மொதல்ல ஒரு பேரு பதியோணுமுங்க" என்றார் யூனுஸ். "உலகத்துல ஒரு பேரு ஒருத்தருக்குத்தான். கம்பெனி பேரையே வெச்சுக்கலாமுங்க. அரை மணி நேர வேலை."

"பேரு வெக்கிறது அரை மணி நேர வேலையா?" வெள்ளியங்கிரி அதிர்ந்துபோனார். "ஏனுங்க தம்பி, உங்க ஊட்டுல கொழந்தைக்கு அப்பிடித்தான் வெச்சீங்களா?"

முதல் கூட்டம் கூடியது. அதில் 'ஸ்ரீ' என்று தொடங்காமல் எப்படி என்ற கேள்வி எழுந்து, ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாம் கூட்டத்தில், பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூ வருவது பிள்ளையார் சுழிக்குச் சமம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. மூன்றாம் கூட்டத்தில் தம்பிதுரை ஓர் அடிப்படைச் சந்தேகத்தைக் கிளப்பினார்.

"இந்தக் காம்ங்கிறது யாருங்க? எல்லாத்து பேருக்கும் பின்னால வந்து நிக்கிறான்?"

"அது எல்லாத்துக்கும் பொதுவா வர்றதுங்க" என்றார் யூனுஸ்.

"இனிஷியலாட்டமா? இனிஷியலை முன்னால போடறதுதானுங்களே மொறை?"

"நீங்க சொல்லிப்போட்டா சரிதான் மாப்ள" என்றார் வெள்ளியங்கிரி. "ஆனா அமெரிக்காக்காரன் கேக்கோணுமே."

நான்காவது கூட்டத்திலிருந்து பத்தாவது கூட்டம் வரை, பெயர் நீளமாக இருக்கிறதே, சுருக்கலாமா என்பது பற்றி. வெள்ளியங்கிரி, சுருக்கினால் பின்பாதியைச் சுருக்கலாம் என்று கருதினார். தம்பிதுரை, முன்பாதியைச் சுருக்கினால் அழகாக இருக்கும் என்று கருதினார். இருவரும் கருதியதை வாயால் சொல்லவில்லை. "உங்க இஷ்டம் மாமா", "உங்க இஷ்டம் மாப்ள" என்று சொல்லிக்கொண்டே மிக்சரைத் தின்றார்கள். எல்லாக் கூட்டத்தின் குறிப்பையும் பிரவீனா டைப் அடித்தாள். ஒவ்வொன்றின் கடைசி வரியும் ஒன்றுதான்: 'ஒருமனதாக எதுவும் முடிவு செய்யப்படவில்லை.'

கடைசியில் மனிதர்களால் ஆகாதது சாமியிடம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலில் பூவாக்குக் கேட்டார்கள். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் மடித்துப் போட்டு, முழுப் பெயரையும் வைக்கலாம் என்றால் வெள்ளை கொடு தாயே என்று வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தார்கள். வெள்ளை வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து இன்டர்நெட் பெயர் தேடிக்கொண்டிருந்த காலத்தில், நேரடியாக மேலிடத்திலேயே ஒப்புதல் வாங்கியவர்கள் இவர்கள்தான்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில எப்பிடிங்க பேரு வெக்கிறது?" என்றார்கள் இருவரும்.

"அதுக்குள்ள எவனாச்சும் எடுத்துட்டா போச்சுங்க" என்று யூனுஸ் பதறினார்.

"ஆடியில எவன் எடுப்பான்?"

ஆவணி வந்ததும் அடுத்த இடி. பதிவது அமெரிக்காவில். நல்ல நேரம் பார்ப்பது நம்மூர்க் கணக்கிலா, அவர்கள் கணக்கிலா? நம் நல்ல நேரத்தில் அங்கே ராகு காலமாக இருந்துவிட்டால்? இதற்கென்று ஒரு தனிக் கூட்டம் கூடியது. அதுதான் பதினோராவது. பிரவீனா குறிப்பெடுத்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"நமக்குக் காலையில பத்தே முக்கால்னா அங்க நடு ராத்திரிங்க ஐயா. ராகு காலம் பகல்ல மட்டுந்தானுங்களே வரும்?"

"நம்ம ஊட்டுப் புள்ள பாருங்க, என்ன மூளை!" என்றார் வெள்ளியங்கிரி. "எழுதிக்கோ கண்ணு. இந்த யோசனையைத் தலைவர்கள் ரெண்டு பேரும் ஒருமனதா கண்டுபுடிச்சாங்கன்னு எழுதிக்கோ."

வியாழக்கிழமை. காலை பத்தே முக்கால். உக்கடம் கம்ப்யூட்டர் சென்டரில் தேங்காய், பழம், வெற்றிலை. மோடம் கீச்சிட்டு இரைந்ததும் வெள்ளியங்கிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். யூனுஸ் படிவத்தைத் திறந்து பிரவீனாவை டைப் அடிக்கச் சொன்னார். கம்பெனியின் பெயரை அடித்தாள். வெள்ளிதுரைபம்ப்ஸ் டாட் காம். யாரும் எடுத்திருக்கவில்லை. அடுத்த கட்டத்தில் கர்சர் கண் சிமிட்டியது.

"உரிமையாளர் பேருங்க" என்றார் யூனுஸ்.

இங்கேதான் நமது மரியாதைப் பண்பாடு இமயத்தைத் தொட்டது.

"மாமா, உங்க பேரைப் போடுங்க."

"அட, நீங்க இருக்கறப்ப நானா? உங்க பேரைப் போடுங்க மாப்ள."

"வேண்டாமுங்க, பெரியவிய இருக்கறப்ப எப்பிடிங்க?"

"வயசுல என்னுங்க இருக்குது? போடுங்க."

"கம்பெனி பேரையே போட்டுப்போடலாமுங்களே" என்று யூனுஸ் நடுவில் புகுந்தார்.

"அப்பவும் கம்பெனிக்காக இன்னாருன்னு ஒருத்தர் பேரு வருமில்லீங்க?" என்றார் தம்பிதுரை.

"வருமுங்க."

"அப்பறம்?"

இருபது நிமிடம் போயிற்று. இருவரின் வாயும் 'நீங்க' என்றது. இருவரின் கண்ணும் கீபோர்டைவிட்டு நகரவில்லை. அவர் பெயர் இவரைத் தாண்டி அமெரிக்காவில் ஏறிவிடக் கூடாது. இவர் பெயர் அவரைத் தாண்டி ஏறிவிடக் கூடாது. பதினொன்று முப்பத்தைந்து. நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்.

"ஏனுங்க மாமா" என்றார் தம்பிதுரை, கண்கள் மின்ன. "ரெண்டு பேரும் வேண்டாம். நம்ம ஊட்டுப் புள்ள பேரைப் போட்டுப்போடலாம்."

வெள்ளியங்கிரி பிரவீனாவைப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். இவள் பெயரை யார் பொருட்படுத்தப்போகிறார்கள்? இவள் பெயர் இருந்தால் யார் பெயரும் இல்லாத மாதிரிதானே?

"பேஷ்!" என்றார்.

"சார், இது உரிமையாளர் கட்டமுங்க..." என்று யூனுஸ் இழுத்தார்.

"கட்டம் எதா இருந்தா என்னுங்க தம்பி? நேரமாவுது. அடி கண்ணு!"

பிரவீனா அடித்தாள். தன் பெயர். கீழே முகவரி கேட்டது. ஆவாரம்பாளையம் என்று போட்டால் எந்த அறையின் மேஜைக்குக் கடிதம் போவது என்ற பிரச்சினை எழும் என்பதால், உக்கடத்தில் அவள் குடியிருந்த வீட்டு முகவரியையே போடச் சொன்னார்கள். ரேஷன் கார்டையும் படித்த சர்டிபிகேட்டையும் தவிர அவள் பெயர் எங்கும் ஏறியதில்லை. இப்போது ஒரு விரல் தட்டலில் கடலைத் தாண்டிப் போயிற்று. பணத்தை யூனுஸின் சிங்கப்பூர் மச்சான் அங்கிருந்தே கட்டினார். இரண்டு வருடத்துக்கு.

தேங்காய் நன்றாக உடைந்தது. எல்லாரும் வாழ்த்திக்கொண்டார்கள். பிரவீனா மெல்லக் கேட்டாள்: "ஐயா, ரிஜிஸ்டர்ல..."

"அதான் அமெரிக்கா ரிஜிஸ்டர்லயே ஏத்தியாச்சே கண்ணு! இன்னும் என்ன?"

அதற்கான பதிலை அவள் பஸ்ஸில் சொல்லிப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த வருடம் பி.எஃப். ஆபீசர் வந்தார். அவர் வரும் நாள் எப்படியோ முந்தின நாளே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களில் 'நம்ம ஊட்டுப் புள்ளைகள்' பின்வாசல் வழியாக வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். பிரவீனாவை மட்டும் மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பி, கம்பெனி பேரில் அர்ச்சனை செய்துவிட்டு மெதுவாக வரச் சொல்வார்கள். அம்மனுக்கே அவளை அடையாளம் தெரிகிற அளவுக்கு ஆகியிருந்தது.

ஆபீசர் பத்தொன்பது பெயரையும் சரிபார்த்தார். பிறகு நடுவில் இருந்த மேஜையைக் காட்டினார்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல யார் உக்காருவாங்க?"

ராசப்பன் முதலாளிகளைப் பார்த்தார். முதலாளிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"யாரும் இல்லீங்க" என்றார் வெள்ளியங்கிரி. "அது தானா ஓடுமுங்க."

"தானாவா?"

"புது மாடலுங்க" என்றார் தம்பிதுரை. "காத்தால சுவிட்சைப் போட்டா, பொழுதோட அதுவே முடிச்சுப்போடும்."

ஆபீசர் நல்ல மனிதர். "அப்படியா? அதை எழுத்துல குடுங்க" என்றார். மறுநாள் கொடுத்தார்கள். 'எங்கள் நிறுவனத்தில் உள்ள கணினி தானாக இயங்கும் வகையைச் சேர்ந்தது. அதை இயக்க ஆள் யாரும் நியமிக்கப்படவில்லை என்று உறுதி கூறுகிறோம்.' இரண்டு பேரும் ஒரே உயரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதை டைப் அடித்தது, கோயில் பிரசாதத்தோடு வந்த பிரவீனா. ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

1999 ஆனியில் கென்யாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அறுநூறு மோட்டார் வேண்டும்; ஒப்பந்தம் போட நேரில் வருகிறேன் என்று ஒரு பெரிய வியாபாரி எழுதியிருந்தார். கம்பெனியின் வாழ்நாளிலேயே பெரிய ஆர்டர். ஆனால் கடிதம் ஆவாரம்பாளையத்துக்கு வரவில்லை. உக்கடத்துக்கு வந்தது. மேலே, 'மாண்புமிகு தலைவர் பிரவீனா அம்மையார் அவர்களுக்கு' என்று இருந்தது. உரிமையாளர் தாங்கள்தான் என்று இன்டர்நெட்டில் பார்த்தேன். தங்களோடு மட்டுமே கையெழுத்திட விரும்புகிறேன் என்று இருந்தது.

பிரவீனா அதை ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு மேஜையிலும் ஒரே சமயத்தில் வைத்தாள்.

யூனுஸ் ஓடி வந்தார். "அன்னிக்கே சொன்னனில்லீங்க? உலகம் பூரா பாக்கலாமுங்க அந்தக் கட்டத்தை. அதுவுமில்லாம ரெண்டு வருசம் முடியப்போவுது, புதுப்பிக்கோணும்."

"பேரைப் புதுப்பிக்கிறதா?" தம்பிதுரைக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ற பையனுக்குப் பேரு வெச்சுப் பதினாலு வருசமாச்சு. ஒருக்காவாச்சும் புதுப்பிச்சனா?"

"அது இருக்கட்டுமுங்க" என்று யூனுஸ் ஒரு படிவத்தை எடுத்தார். "இவங்க பேர்ல இருக்கறதைக் கம்பெனி பேருக்கு மாத்தலாமுங்க. இவங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"அவ்வளவுதானே! நம்ம ஊட்டுப் புள்ளதானே!" என்று இருவரும் மூச்சுவிட்டார்கள். "போடு கண்ணு!"

பிரவீனா பேனாவை எடுத்தாள். படிவத்தை முழுதும் படித்தாள். ஒரு வார்த்தை விடாமல் படிப்பது அவள் பழக்கம். அதுவரை யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

"போடறனுங்க ஐயா. ஆனா கையெழுத்துக்குக் கீழ 'கம்பெனியில் தங்கள் பதவி'ன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. என்ன எழுதட்டுங்க?"

பன்னிரண்டாவது கூட்டம் அங்கேயே, நின்றபடியே கூடியது.

"ஒண்ணுமில்லைன்னு எழுது" என்றார் தம்பிதுரை.

"அப்ப வெளி ஆளு ஆயிருவாங்க" என்றார் யூனுஸ். "வெளி ஆளு எதுக்குங்க சும்மா எழுதிக் குடுக்கோணும்? அமெரிக்காக்காரன் கேப்பான்."

"பங்குதாரர்னு..." என்று ஆரம்பித்த ராசப்பன், இரண்டு பார்வைகளில் பொசுங்கிப்போனார்.

"நம்ம ஊட்டுப் புள்ளைன்னே எழுதினா?" என்றார் வெள்ளியங்கிரி.

"அப்ப நாளைக்குச் சொத்துல பங்கு கேக்கலாமுங்க" என்றார் ராசப்பன்.

ஐந்து வருடமாக உருகி உருகிச் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டு இரண்டு முதலாளிகளும் ஒரே சமயத்தில் நடுங்கியதைப் பிரவீனா பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தலையைக் குனிந்து படிவத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"ஊழியர்னு எழுதறதுதானுங்க மிச்சம்" என்றார் யூனுஸ். "ஆனா பொய்யா எழுதக் கூடாதுங்க. கென்யாக்காரர் வந்து ரிஜிஸ்டரைக் காட்டுன்னா காட்டோணும்."

ராசப்பனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அப்ப... இருவது ஆயிருமுங்க."

சூரியன் அஸ்தமித்த மாதிரி இருந்தது அறை.

"ஒருத்தரை எடுத்துப்போடு" என்றார் தம்பிதுரை. "பத்தொம்பது பத்தொம்பதாவே இருக்கட்டும். வேலைக்கே வராதவிய யாராச்சும் இருந்தா எடுத்துப்போடு."

"ரெண்டு பேரு இருக்காங்க" என்று ராசப்பன் தயங்கினார். அந்த இரண்டு பேர், சூப்பர்வைசர் என்ற பதவியில் இருந்த இரண்டு முதலாளியம்மாக்கள். கம்பெனிக்கு அவர்கள் கடைசியாக வந்தது ஆயுத பூஜைக்கு.

"உங்க ஊட்டம்மா பேரை எடுத்துக்கலாங்களா மாமா?"

"அது உங்க அக்கா. நீங்களே போயி ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்க மாப்ள. இல்லாட்டி உங்க ஊட்டுக்காரம்மாளை எடுத்துக்கலாம்."

"நீங்க பெரியவிய. நீங்க சொன்னா அவ கேப்பா. நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

மரியாதை மறுபடியும் இமயத்தை நோக்கி ஏறத் தொடங்கியது. இந்தமுறை யாருக்கும் உச்சிக்குப் போகத் தைரியம் இல்லை. இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். பிரவீனா சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள். பிறகு, பஸ்ஸில் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்காத ஒரு வாக்கியத்தைச் சொன்னாள்.

"இப்ப நல்ல நேரந்தானுங்க ஐயா. பத்தே முக்கால். இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது."

ராசப்பன் பீரோவைத் திறந்தார். பதிவேடு வந்தது. இருபதாவது வரியில், 'பிரவீனா, கணினி இயக்குபவர், சேர்ந்தது 1994' என்று எழுதினார். அவள் பக்கத்திலேயே நின்று வருடத்தைச் சரிபார்த்தாள். பிறகுதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

விஷயம் பட்டறைக்குப் போய்ச் சேர மதியச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. கம்பி சுற்றும் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவள் கருப்பாத்தாள்.

"இருவதுதான் ஆயிப்போச்சாமுங்களே. இனி ராசி எங்க இருக்குது? எங்க பேரையும் எழுதிப்போடுங்க. இல்லாட்டி எங்களுக்கும் ஆளுக்கொரு டாட் காம் வாங்கிக் குடுங்க."

சாயங்காலத்துக்குள் பதிவேட்டில் நாற்பத்தேழு பெயர்கள். ராசப்பனுக்குக் கை வீங்கிவிட்டது. ஒரு குடும்பத்தில் இத்தனை பிள்ளைகள் இருந்ததும், அவர்களில் பாதிப் பேரின் பெயர் தங்களுக்குத் தெரியாமல் இருந்ததும் அன்றுதான் வெள்ளியங்கிரிக்கும் தம்பிதுரைக்கும் தெரிந்தது.

மறுநாள் பிரவீனா வரவில்லை. பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு விடுப்பு உண்டு என்று எங்கோ படித்திருந்தாள். அதை முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, மாரியம்மன் கோயிலுக்குத் தன் பேரில் ஓர் அர்ச்சனை செய்யப் போயிருந்தாள்.

கென்யாக்காரருக்கு அன்றைக்கே பதில் போக வேண்டும். இரண்டு முதலாளிகளும் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து நின்றார்கள். தம்பிதுரை சுவிட்சைப் போட்டார். திரை விழித்தது. இருவரும் கைகட்டிக் காத்திருந்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. ஓர் எழுத்துகூட வரவில்லை.

"ஏனுங்க மாமா" என்றார் தம்பிதுரை மெதுவாக. "இது தானா ஓடும்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்தது நாமதானுங்களே?"